பரேலில் ஒரு கட்டில் போதும்

மும்பையில் எம்.டி., எம்.எஸ். சீட் வாங்கியிருக்கிற தங்கச்சி, தம்பிகளுக்கு இந்த அக்கா முதல்ல சொல்றது இதுதான்: வீடு தேடாதே, கட்டில் தேடு. ஃபர்ஸ்ட் இயர்ல நீ ரூமுக்கு வரப்போறதே தூங்குறதுக்குத்தான். ஹாலுக்கும் பால்கனிக்கும் எதுக்கு வாடகை?

ஹாஸ்டல் கிடைச்சா, சுவர் ஊறிப்போயிருந்தாலும் எடுத்துக்கோ. ஆனா அதையே நம்பிப் பெட்டி கட்டாதே. 2023 ஜனவரியில மகாராஷ்டிரா ரெசிடென்ட் டாக்டர்கள் ஸ்ட்ரைக் பண்ணப்போ, கோரிக்கைகள்ல ஹாஸ்டலும் ஒண்ணு.

வெளியே தேடுறவங்க கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கால் வந்தா எப்படிப் போறதுன்னு பாருங்க. ஒரு மணி வாக்குல லோக்கல் ரயில் ஓஞ்சிடும், விடியக்காலை நாலு மணி ஆகணும் மறுபடி ஓட. நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குத் தெரியாத இன்னொண்ணு, பாந்திரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோவே கிடையாது. கே.இ.எம். இருக்கிற பரேல், நாயர் இருக்கிற மும்பை சென்ட்ரல், ஜே.ஜே. இருக்கிற பைகுல்லா எல்லாமே டாக்சிதான். தாணேயில வாடகை கம்மின்னு போனா, மிச்சம் பிடிச்சது டாக்சிக்குப் போயிடும். போற தூக்கத்தை யார் தர்றது?

பரேல்ல வாடகை இறங்கவே இறங்காது. கே.இ.எம்.முக்குக் கூப்பிடு தூரத்துல டாடா மெமோரியல். நாடு முழுக்க இருந்து கேன்சர் சிகிச்சைக்கு வர்ற குடும்பங்களும் நீ தேடுற அதே ரூமைத்தான் தேடுது. அதனால புரோக்கர்கிட்ட 'காட் பேசிஸ்'னு கேளு. ஒரு கட்டில், ஒரு பீரோ, பொது பாத்ரூம். கூடத் தங்குறவங்க யாருன்னு பார்த்துக்கோ. நீ சர்ஜரின்னா, சர்ஜரியோ கைனக்கோ படிக்கிறவங்களோட சேரு. நைட் டியூட்டி முடிச்சுப் பகல்ல தூங்குற அருமை அவங்களுக்குத்தான் தெரியும். பேத்தாலஜி பிள்ளை நல்ல பிள்ளையாத்தான் இருக்கும், ஆனா காலையில ஆறு மணிக்கு அலாரம் வைக்கும்.

மாட்டுங்காவுல இட்லி, ஃபில்டர் காபி கிடைக்குதுங்கிறதுக்காக மட்டும் அங்க ரூம் எடுக்காதே. லீவு நாள்ல போய்ச் சாப்பிட்டுட்டு வா.

பணம் கொடுக்கிற நேரம் முக்கியம். கவுன்சிலிங்ல அடுத்த ரவுண்டுக்கு அப்கிரேட் கேட்டிருந்தா, அது முடியற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே. சீனியர் ரூம்ல ஒண்டிக்கோ. வேற காலேஜ் கிடைச்சுட்டா, அட்வான்ஸுக்காக ஓனர் பின்னாடி அலையணும். 'ஹெவி டெபாசிட்'னு ஒண்ணு சொல்வாங்க. சில லட்சங்களை மொத்தமா வாங்கிக்கிட்டு மாச வாடகையைக் குறைப்பாங்க, இல்ல வாடகையே வேண்டாம்பாங்க. கேட்க இனிப்பா இருக்கும். நீ கிளம்பும்போது, அடுத்த ஆள் வந்தாத்தான் பணம்னு கையை விரிச்சா என்ன செய்வே? அப்பா பி.எஃப். பணத்தை அதுல போடாதே.

இங்கே 'லீவ் அண்ட் லைசென்ஸ்' அக்ரிமென்ட்தான், பெரும்பாலும் 11 மாசத்துக்கு. 1999 மகாராஷ்டிரா வாடகைச் சட்டப்படி அதை எழுத்துல போட்டுப் பதிவு பண்ற பொறுப்பு ஓனரோடது. பதிவு இல்லேன்னா, நிபந்தனை விஷயத்துல வாடகைக்கு இருக்கிறவர் சொல்றதுதான் எடுபடும், ஓனர் மாத்தி நிரூபிச்சாலொழிய. "பதிவெல்லாம் எதுக்கும்மா"ன்னு இழுத்தா இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லு. 'லாக்-இன்' வரியைக் கண்டிப்பா படி. நடுவுல ஹாஸ்டல் கிடைச்சுக் கிளம்பினாலும், லாக்-இன் மாசங்களோட வாடகை முழுசையும் கட்டச் சொல்ற வரி அதுதான்.

கடைசியா, தரைத்தளம் மலிவா வந்தா உஷார். கே.இ.எம். பக்கத்து ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் எல்லாம் பெருமழைக்குத் தண்ணி நிக்கிற இடம். சுவர்ல முழங்கால் உயரத்துக்கு மட்டும் பெயின்ட் புதுசா இருந்தா, காரணத்தை ஓனர்கிட்ட கேட்காதே, எதிர்க்கடைக்காரர்கிட்ட கேளு.