டைகார்பனேட்: உடைந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

நம்பிக்கை: ஆப்பசோடாவும் ஒரு டைகார்பனேட்தான்.

உண்மை: இல்லை. ஆப்பசோடா சோடியம் பைகார்பனேட். அதன் எதிரயனியில் ஒரு கார்பன்தான் உண்டு, கூடவே ஒரு ஹைட்ரஜன். டைகார்பனேட்டில் இரண்டு கார்பன்கள், ஐந்து ஆக்சிஜன்கள். இரு கார்பன்களையும் நடுவே ஓர் ஆக்சிஜன் பிணைக்கிறது. இதற்குப் பைரோகார்பனேட் என்றும் பெயர்.

வேதியியல் மாணவர்கள் இங்கே இன்னொரு இடத்திலும் தடுமாறுவதுண்டு. சோடியம் பைசல்பேட்டைச் சூடாக்கினால் நீர் வெளியேறிப் பைரோசல்பேட் கிடைக்கும். அதே கணக்கில் ஆப்பசோடா பைரோகார்பனேட்டாக மாறும் என்று எழுதினால் விடை தவறு. நீரோடு கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிவிட, சலவைச் சோடாதான் மிஞ்சும்.

நம்பிக்கை: அப்படியானால் டைகார்பனேட் உப்பு என்ற ஒன்றே கிடையாது.

உண்மை: உண்டு, ஆனால் கடும் அழுத்தத்தில். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் கோதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டையும் கார்பன் டை ஆக்சைடையும் இரு வைர முனைகளுக்கிடையே வைத்து, வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய 3 லட்சம் மடங்கு அழுத்தம் கொடுத்து, லேசரால் சூடாக்கினார்கள். உருவான ஸ்ட்ரான்சியம் டைகார்பனேட் பற்றி 2022இல் அறிவித்தார்கள். ஈய உப்பும் இதே வழியில் வந்தது. அவர்கள் கொடுத்தது, பூமிக்குள் சுமார் 800 கி.மீ. ஆழத்தில் இருக்கும் அழுத்தம்.

நம்பிக்கை: குளிர்பானத்தில் சேர்க்கும் டைமெத்தில் டைகார்பனேட் நம் வயிற்றுக்குள் போகிறது, அது மெத்தனாலாக மாறிக் கண்ணைப் பறித்துவிடும்.

உண்மை: இந்தப் பயத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரே நடுக்கம் தரும். அதனால்தான் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் இ 242 என்ற எண்ணுடைய, உப்பு அல்லாத இந்தக் கரிம டைகார்பனேட்டைப் பானங்களில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். புட்டியில் அடைக்கும் வேளையில் சேர்ப்பார்கள். அது ஈஸ்ட் செல்லுக்குள் புகுந்து நொதிகளை முடக்குகிறது. பிறகு சில மணி நேரத்தில் நீரோடு வினைபுரிந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் மெத்தனாலாகவும் உடைந்துபோகிறது. முழு அளவும் உடைந்தாலும் கிடைக்கும் மெத்தனால் லிட்டருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம்தான். பழங்களிலுள்ள பெக்டினிலிருந்து பழச்சாற்றிலும் ஒயினிலும் இயற்கையாகவே மெத்தனால் உருவாகிறது. சிவப்பு ஒயினில் இதே அளவு காண்பது சாதாரணம். 10 மில்லிலிட்டர் மெத்தனாலே பார்வையைப் பறித்ததுண்டு. அந்த அளவு இப்பானத்திலிருந்து உடலில் சேர, ஒரே மூச்சில் 60 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வந்த வேலையை முடித்து அழிந்துவிடுவதால், புட்டியைத் திறந்த பிறகு புகும் கிருமிகளை இது தடுக்காது. அழுக்குப் பானத்தைச் சுத்தமாக்கவும் இதனால் முடியாது: அமெரிக்க விதிப்படி, ஒரு மில்லிலிட்டரில் 500 நுண்ணுயிர்களுக்கு மேல் இல்லாதபடி பானத்தை முன்கூட்டியே சுத்திகரித்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: எப்படியும் உடைந்துவிடும் என்பதால் எல்லா டைகார்பனேட்டும் பாதுகாப்பானவையே.

உண்மை: இதைத்தான் நான் மிகவும் ஆபத்தான நம்பிக்கை என்பேன். டைமெத்திலுக்கு முன்பு பானங்களில் சேர்க்கப்பட்டது அதன் உறவுப்பொருளான டைஎத்தில் டைகார்பனேட். நீரில் அது எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைகிறது. கேட்பதற்கு இதைவிட நல்லதாக என்ன வேண்டும்? ஆனால் பானத்தில் நீர் மட்டும் இல்லை, சிறிதளவு அம்மோனியாவும் இருக்கிறது. அம்மோனியாவும் டைஎத்தில் டைகார்பனேட்டும் சேர்ந்தால் யூரித்தேன் என்கிற எத்தில் கார்பமேட் உருவாகிறது. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. 1971இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் லோஃப்ரோத்தும் கெய்வாலும் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அமெரிக்கா டைஎத்தில் டைகார்பனேட்டை உணவிலிருந்து விலக்கியது.

உடையாத நிலையில் இவை எல்லாமே கடுமையானவை. பெப்டைடு தயாரிப்பில் பயன்படும் டை-டெர்ட்-பியூட்டைல் டைகார்பனேட்டின் ஆவியைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. ஈரம் பட்டால் மூடிய புட்டிக்குள் வாயு அழுத்தமும் கூடும். அதனால் அதைக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்து, காற்றுறிஞ்சும் அடைப்புக்குள்தான் திறக்கிறார்கள்.