தோட்டத்துக் கேட்டில் நின்றுபோன சபை

மழைக்குத் தோட்டத்து ரோட்டில் வேன் புதைந்துவிட்டது என்றால் யாரிடம் போய்ச் சொல்வோம்? துரையிடம் என்பார்கள் சிலர். தலைவரிடம் என்பார்கள் சிலர். எம்.பி. ஐயா வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள் வேறு சிலர். பிரதேச சபைக்கு எழுதுவோம் என்று சொல்கிறவர்கள் குறைவு. அது நம்முடைய சோம்பலால் வந்தது அல்ல. அந்த வாசல் நமக்கு நெடுங்காலம் சட்டத்தாலேயே பூட்டிக் கிடந்தது. அந்தக் கதையைத்தான் இந்தத் தடவை பார்க்கப்போகிறோம்.

அதிகாரப் பரவலாக்கல் என்று பேப்பரில் அடிக்கடி எழுதுகிறார்கள். பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு கானை எங்கே வெட்டுவது, எந்தப் பாலத்தை முதலில் கட்டுவது என்பதைக் கொழும்பில் உள்ள அமைச்சு தீர்மானிக்காமல், அந்தக் கானுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஆட்கள் தெரிவு செய்த சபை தீர்மானிப்பதுதான் அது. 1987ஆம் வருஷம் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. அதே வருஷம் அரசியல் யாப்பின் 13ஆவது திருத்தத்தால் மாகாண சபைகள் வந்தன. அதே வருஷத்தில்தான் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமும் வந்தது. மாகாண சபை மேல் படி என்றால் பிரதேச சபை கீழ்ப் படி. உள்ளூர் ரோட்டு, தெரு லைட், சந்தை, குப்பை, மயானம், வாசிகசாலை என்று தினமும் கண்ணில் படுகிற காரியமெல்லாம் இந்தக் கீழ்ப் படியில்தான் இருக்கிறது.

ஆக, கொழும்பிலிருந்து அதிகாரம் கொஞ்சம் இறங்கி வந்தது உண்மை. ஆனால் தோட்டத்துக் கேட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

காரணம் அந்தச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. சபை தன்னுடைய நிதியைக் கிராமங்களின் அபிவிருத்திக்குச் செலவு செய்யலாம் என்று அதில் இருந்தது. தோட்டம் என்ற சொல் அதில் இல்லை. தோட்டம் ஒரு கிராமம் இல்லை, நிர்வாகத்துக்குச் சொந்தமான தனி இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லயம், பீலி, பிள்ளைக் காம்பரா, டிஸ்பென்சரி எல்லாம் துரையின் பொறுப்பு என்று இருந்த பழக்கம் சட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடங்களை 1977 முதல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. ரோட்டுக்கும் கானுக்கும் அந்த யோகம் வரவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1948ஆம் வருஷத்துச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1988லும் 2003லும் வந்த சட்டங்களால்தான் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. வோட்டு கையில் வந்ததும் நம் ஆட்கள் வரிசையில் நின்று பிரதேச சபைக்கு உறுப்பினர்களை அனுப்பினார்கள். அந்த உறுப்பினர் சபைப் பணத்தில் தன் சொந்த லயத்துக்கு முன்னால் ஒரு கான் போட நினைத்தாலும் சட்டம் விடாது. வோட்டு லயத்திலிருந்து போனது, பணம் லயத்துக்குத் திரும்பி வரவில்லை. இப்படியே 31 வருஷம்.

2018ஆம் வருஷம்தான் பாராளுமன்றம் இதைத் திருத்தியது. தோட்டப் பகுதிகளிலும் சபை செலவு செய்யலாம் என்று ஆயிற்று. அதே வருஷம் பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தலில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கினார்கள். நுவரெலியா மாவட்டத்தில் ரொம்பப் பெரிதாக இருந்த சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதுச் சபைகளும் உண்டாயின. இறங்கிய அதிகாரம் மறுபடியும் மேலே ஏறுவதும் உண்டு. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருஷம் உத்தியோகத்தர்களே சபையை நடத்தினார்கள்.

சட்டம் மாறிவிட்டது, இனி எல்லாம் தானாக வந்துவிடும் என்று இருக்க முடியாது. சபையின் கையில் காசு கொஞ்சம்தான். கேட்கிற இடமோ நிறைய. கேட்காத இடத்துக்கு யாரும் தேடிக்கொண்டு வரமாட்டார்கள். நிலம் இன்னமும் தோட்டத்தின் பொறுப்பில் இருப்பதால், நிர்வாகத்தோடு பேசி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபம்.

சிரமதானம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய சனங்களைப் போல் ஞாயிற்றுக்கிழமையில் மண்வெட்டி தூக்குகிறவர்கள் யார் இருக்கிறார்கள்! கோயில், பீலி, பாதை என்று எத்தனையோ நம் கையால் ஆனவை. ஆனால் 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பணத்தை வேறு பக்கம் திருப்புவதற்குச் சிரமதானம் ஒரு சாட்டாக ஆகக்கூடாது. காசும் தீர்மானமும் மேலே இருக்க, வேலை மட்டும் கீழே வந்தால் அது அதிகாரப் பரவலாக்கல் இல்லை, சம்பளமில்லாத பேர்தான். சீமெந்தும் குழாயும் சபை தரட்டும், ஆள் பலம் நாங்கள் தருகிறோம் என்று எழுத்தில் கேட்பதே சரியான முறை என்று நாங்கள் நினைக்கிறோம்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? எந்தத் தோட்டம், எந்தப் டிவிசன், எத்தனை குடும்பம், ரோட்டு எத்தனை மீட்டர் என்று கணக்காக எழுதுங்கள். 'எங்கள் குறையைத் தீர்த்து வையுங்கள்' என்று மட்டும் எழுதினால் அது பைலுக்குள் போய்விடும். வருஷத்தின் கடைசி மாதங்களில் அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டம் போடுகிறார்கள். அதற்கு முன்னமே, ஆடி ஆவணி வாக்கில், கடிதம் போய்ச் சேர வேண்டும். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர் ஆட்களையும் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. மாதர் சங்கத்திலோ இளைஞர் கழகத்திலோ விஷயம் தெரிந்த ஒருவரின் பெயரை அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம் பகுதிக்கு இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எந்தப் பிரஜையும் கேட்கலாம். தகவல் தருவார்களா மாட்டார்களா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும். கடிதத்தில் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் போட்டால் ரசீதையும் அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.