பாலைவனத்தில் நிலக்கரியும் நிலத்தடி ஜலமும்

பாகிஸ்தானைச் சேர்ந்த சிந்து மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில் தார்பார்க்கர் ஜில்லா அமைந்துள்ளது. தார் பாலைவனத்தின் ஒரு பகுதியாகிய இப்பிரதேசத்தில் ஜீவநதி எதுவும் இல்லை. ஆடி முதல் புரட்டாசி வரையில் பெய்யும் பருவமழை ஒன்றே ஆதாரம். அதுவும் அடிக்கடி பொய்த்துவிடும். மழை பெய்த வருஷங்களில் மணற்குன்றுகளுக்கு இடையிலுள்ள தாழ்நிலங்களில் கம்பு, கொத்தவரை, நரிப்பயறு, எள் முதலியன விளைகின்றன. ஆயினும் ஜனங்களின் பிரதான ஆஸ்தி கால்நடைகளே. பாலுக்கும் உழைப்புக்கும் பெயர்பெற்ற தார்பார்க்கர் மாட்டினம் இந்த ஜில்லாவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த வறண்ட பூமியின் அடியில் ஏராளமான நிலக்கரி இருப்பதைப் பாகிஸ்தான் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவினர் 1990-களின் துவக்கத்தில் வெளிப்படுத்தினர். சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 17,500 கோடி டன் கரி இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இது பழுப்பு நிலக்கரி வகையைச் சேர்ந்தது. இதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரமே. ஆகையால் இதைத் தூரதேசத்திற்கு ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. சுரங்கத்தின் அருகிலேயே எரிப்பது வழக்கம். இவ்வாறே 2019-ஆம் ஆண்டில் சுரங்கத்தை அடுத்து 660 மெகாவாட் மின்சார நிலையம் வேலை செய்யத் துவங்கியது.

மூன்று ஜலப் படுகைகள்

கரியை எடுக்கும் வேலையில் ஜலமே பெரிய இடையூறு. அங்கே பூமிக்குள் மூன்று ஜலப் படுகைகள் உள்ளன. முதலாவது, மேல் மணலின் அடிப்பாகத்தில், சுமார் 50 மீட்டர் ஆழத்தில் இருப்பது. மழைநீர் மணலில் இறங்கித் தங்குவது இங்கேதான். குடியானவர்களின் கிணறுகள் இதையே நம்பியுள்ளன. நம் நாட்டில் கவலை இறைப்பதுபோல, அங்கே கழுதை, ஒட்டகம், எருது ஆகியவற்றைக் கயிற்றில் பூட்டி நெடுந்தூரம் நடத்தி ஜலம் இறைக்கிறார்கள். பல கிணறுகளில் இந்த ஜலமும் உவர்ப்பானதே. இரண்டாவது படுகை கரிக்கு மேலே உள்ளது. மூன்றாவது கரிக்குக் கீழே, அழுத்தத்துடன் நிற்கிறது. கீழுள்ள ஜலத்தை முன்னதாகவே இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில், அது சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே பொங்கும். ஆகவே சுரங்கம் நடக்கும் காலம் முழுவதும் இரவு பகலாக இறைத்தே தீரவேண்டும்.

இறைத்த ஜலம் எங்கே போவது?

நமது நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியின் கீழே அழுத்தமுள்ள ஊற்றுநீர் உண்டு. அது நன்னீராதலால் அக்கம்பக்கத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பயன்படுகிறது. தாரில் நிலைமை வேறு. அங்கே கரிக்கு அடியிலுள்ள ஜலத்தில் லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 5 கிராம் உப்பு கரைந்துள்ளது. இந்த ஜலத்தை ஓர் ஏக்கரில் 1 அங்குலம் பாய்ச்சினால் ஏறக்குறைய 500 கிலோ உப்பு நிலத்தில் சேரும். இக்கணக்கைக் குடியானவர்கள் நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஜலத்தைத் தேக்குவதற்காகக் கொரானோ என்னும் கிராமத்தருகே ஒரு நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. மேய்ச்சல் நிலம் முழுகும், கிணறுகள் உவர்க்கும், மரங்கள் பட்டுப்போகும் என்று அஞ்சிய கிராமவாசிகள் 2016-ஆம் ஆண்டு முதல் கிளர்ச்சி செய்தனர். மணல் ஜலத்தை எளிதில் உறிஞ்சும் தன்மையது என்பதை அறிந்தவர்களுக்கு இவ்வச்சத்தின் காரணம் விளங்கும். நிற்க, இதே உவர் ஜலத்தைக் கொண்டு பயிர் செய்யவும் மீன் வளர்க்கவும் அங்கே பரீட்சைகள் நடந்துள்ளன. மணற்பாங்கான நிலத்தில் உப்பு மேலேயே தங்காமல் கீழே வடிவது பயிருக்கு அனுகூலம். ஆனால் வடிந்த உப்பு மறைந்துவிடுவதில்லை. அது முதற்படுகையை நோக்கியே செல்கிறது.

கவனிக்க வேண்டியவை

1. சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே, சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அளந்து குறித்து வைக்கவேண்டும். முன்கணக்கு இல்லாதவன் பின்னால் நஷ்டத்தை ருசுப்பிக்க முடியாது.

2. உவர் ஜலத்தைத் தேக்குமிடம் கிணறுகளுக்கும் மேய்ச்சல் தரைக்கும் விலகியதாகவும், கசிவு தாங்கும் அடித்தரை உள்ளதாகவும் இருக்கவேண்டும்.

3. உவர் ஜலத்தைப் பாய்ச்ச நேர்ந்தால், உப்பைச் சகிக்கும் பயிர்களுக்கு மட்டுமே, சிறிய பரப்பில், மண்ணை அவ்வப்போது பரிசோதித்துப் பாய்ச்சவேண்டும்.

கரி எடுபட்ட பின் சுரங்கக்காரர்கள் வேறிடம் போகலாம். குடியானவனுக்கும் அவன் மாடுகளுக்கும் அதே கிணறுதான். ஆகையால் கரியின் கணக்கைப் போடுமுன் ஜலத்தின் கணக்கைப் போடுவதே முறையாகும்.