யுஎஸ்பி ஒலியட்டைக்கு எந்த வழி?

ஈப்போவிலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களிலும், பழைய மடிக்கணினியில் லினக்ஸை ஏற்றி, மலிவான யுஎஸ்பி ஒலியட்டையொன்றைச் செருகித் தேவாரமோ வானொலி நாடகமோ பதிவு செய்ய முனையும் மாணாக்கர் பலரைப் பார்க்கிறேன். அவ்வட்டையையே கணினியின் நிரந்தர ஒலிச்சாதனமாக்குவது சிறிய காரியந்தான். ஆயினும், கோலாலம்பூரிலுள்ள பெரியப்பா மகன் அப்படித்தான் செய்தான் என்று தகப்பனார் நிர்ப்பந்திப்பதாலோ, கறுப்புத் திரையில் தட்டெழுதுவதே வித்துவ லட்சணம் என்ற மோகத்தாலோ, தமக்குப் பொருந்தாத வழியிலேயே அவர்கள் போய் விழுகிறார்கள்.

அமைப்புத் திரையில் அட்டையின் பெயரைச் சொடுக்குவது யாவரும் அறிந்தது. 2021-இல் ஃபெடோரா 34-உம், 2022-இல் உபுண்டு 22.10-உம் பைப்வயர் என்னும் ஒலிச்சேவகனை ஏற்றுக்கொண்ட பின், 'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று கேட்டு, 'சிங்க்ஸ்', 'சோர்ஸஸ்' பட்டியல்களில் அட்டைக்கு நேரேயுள்ள எண்ணை 'செட்-டிஃபால்ட்' கட்டளைக்குக் கொடுத்தாலும் போதும். அட்டையைப் பிடுங்கி மறுபடி செருகினாலும் தேர்வு நிலைக்கும். எனக்குப் பட்சபாதம் இந்த இரண்டாவது வழியிடமே.

அளவுக்கு மீறிப் புகழப்படுவது மூன்றாவது வழி: '.அசௌண்ட்ஆர்சி' என்றொரு கோப்பெழுதி, 'எச்டபிள்யூ:1,0' என்று, லினக்ஸின் அடித்தள ஒலியமைப்பான ஆல்சாவுக்கு ஆணியடித்துச் சொல்லிவிடுவது. அந்த 1 அட்டையின் பெயரன்று; கணினி விழிக்கையில் எந்தச் சாதனம் முந்துகிறதோ அதைப் பொறுத்த வரிசையெண். ஒலிவாங்கியுள்ள வெப்கேமரா ஒன்று சேர்ந்தால் நேற்றைய 1 இன்று 2 ஆகலாம். தவிரவும், 'எச்டபிள்யூ' என்பது வன்பொருளோடு நேரே பேசுவதாகையால், பெரும்பாலும் ஒரு நிரல் அட்டையைப் பிடித்துக்கொண்டால் மற்றதற்குச் 'சாதனம் வேலையாயிருக்கிறது' என்ற மறுமொழியே கிட்டும். 48000 ஹெர்ட்ஸ் மட்டும் அறிந்த அட்டையிடம் 44100-இல் பதிந்த பாட்டைக் கொடுத்தால் இடையில் மாற்றித் தருவாரும் இல்லை. இன்னும் துணிந்தவர்கள் இயக்கிகளுக்கான அமைப்புக் கோப்பில் 'எஸ்என்டி-யுஎஸ்பி-ஆடியோ' என்ற யுஎஸ்பி ஒலி இயக்கிக்கு எதிரேயுள்ள 'இண்டெக்ஸ்=-2' என்ற வரியை, அது யுஎஸ்பி அட்டை முதலிடத்தைப் பறிக்காதிருக்க வைத்த காவல் என்றறியாமல், 0 என்று திருத்துகிறார்கள்; அவ்விடத்தைத் தாய்ப்பலகையின் அட்டை முன்பே பிடித்திருந்தால், யுஎஸ்பி அட்டை அடியோடு தென்படாமலே போகும்.

கோயில் ஒலிபெருக்கிக்குப் பின்னால், திரையுமின்றி ஒலிச்சேவகனுமின்றி ஓடும் ராஸ்பெரி பை சிறுகணினிக்கு அந்தக் கோப்பு உகந்ததே. அங்கும் எண்ணை விட்டு, '/ப்ராக்/அசௌண்ட்/கார்ட்ஸ்' காட்டும் அடைப்புக்குறிப் பெயரை எழுதுவதே விவேகம். கோப்புகளின் உள்ளே புகுந்து பார்ப்பதில் ஒருவனுக்கு இயல்பான ருசி இருந்தால் அது நல்ல பாக்கியம், வளர்த்துக்கொள்ளட்டும். அந்த ருசி பாடுவதிலோ ஒலி தொகுப்பதிலோ இருப்பவன் அண்ணன்மார் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து ஏங்காமல், தன் கலையில் பொறுமையோடு உழைக்கட்டும். எதைத் தேர்ந்தாலும், முன்பு யாரோ எழுதிக்கொடுத்த '.அசௌண்ட்ஆர்சி' வீட்டு அடைவில் கிடக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் அதன் பெயரை மாற்றி வைக்க வேண்டும். அது அங்கிருக்கும் வரை, ஆல்சாவை நேரே அழைக்கும் நிரல்கள் பைப்வயரின் பேச்சைக் கேட்கமாட்டா.