ஆற்றைத் திருப்பினால் கிணறு ஏன் வற்றுகிறது? - உமா ஓயாத் திட்டம் தரும் பாடம்

மின்சாரம் எமக்கு வேண்டும். உலர்வலய வயல்களுக்கு நீரும் வேண்டும். எனவே ஆறுகளைத் திசைதிருப்பும் திட்டங்கள் அனைத்தும் தீயவை என்று நாம் கூற வரவில்லை. ஆனால் நன்மை பெறுவோர் ஓரிடத்திலும் அதற்கு விலை கொடுப்போர் வேறோரிடத்திலும் இருக்கும்போது, அந்த விலையை முன்கூட்டியே கணக்கிட வேண்டியது நியாயமாகும். ஊவா மாகாணத்தின் உமா ஓயாத் திட்டத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

திட்டம் யாது?

உமா ஓயா மகாவலியின் கிளையாறு. வெலிமடைப் பகுதியினூடாகப் பாய்ந்து ரந்தம்பையில் மகாவலியுடன் சேர்கிறது. இதன் நீரில் ஒரு பகுதியைத் தெற்கே கிரிந்தி ஓயாவின் பக்கம் திருப்புவதே திட்டம். இதற்காகப் புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகள் கட்டப்பட்டன. டயரபாவிலிருந்து பண்டாரவளைப் பகுதி மலைகளின் அடியாகச் சுமார் 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் குடையப்பட்டது. வெல்லவாய பக்கத்தில் நிலத்தின் கீழ் அமைந்த மின்நிலையத்தின் கொள்ளளவு 120 மெகாவாட். மின் உற்பத்திக்குப் பின்னர் அந்நீர் தாழ்நில வயல்களுக்குச் செல்கிறது. 2008 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது.

ஆற்றில் ஏற்படும் மாற்றங்கள்

முதலாவது, அணைக்குக் கீழே நீர் குறைகிறது. மழையற்ற மாதங்களில் அணையிலிருந்து போதிய நீர் திறந்து விடப்படாவிட்டால், மீன்களும் ஆற்றோரச் செடிகொடிகளும் அழியும். வழக்கமாக நீரோட்டத்தில் கலந்து செறிவு குறையும் கழிவுகள் தேங்கி நிற்கும். ஆற்று நீரில் குளிப்போருக்கும் தோட்டம் செய்வோருக்கும் இது நேரடிப் பாதிப்பு.

இரண்டாவது, வண்டல். உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடப்படும் வெலிமடைச் சரிவுகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் கழுவிச் செல்லப்படுகிறது. ரந்தம்பை நீர்த்தேக்கம் வண்டலால் பெரிதும் நிரம்பியதற்கு இதுவே முக்கிய காரணம். மேட்டுநிலத்தில் மண் காக்கப்படாவிட்டால் புதிய நீர்த்தேக்கங்களுக்கும் இதே கதி நேரும்.

கண்ணுக்குத் தெரியாத நீர்

இவ்விரண்டையும் கண்ணால் காணலாம். உமா ஓயாவில் மக்களை வாட்டியதோ நிலத்தடியில் நிகழ்ந்தது. 2014 டிசம்பரில் சுரங்கம் குடையும்போது பாறைப் பிளவுகளிலிருந்து பெருமளவு நீர் உள்ளே பீறிட்டது. 2017இல் மீண்டும் அவ்வாறு நேர்ந்தது. பண்டாரவளைச் சுற்றுப்புறக் கிராமங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. பவுசரில் வந்த நீருக்காக மக்கள் காத்திருந்தனர். 2017 யூனில் பண்டாரவளையில் பெருந்திரளானோர் வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இது எவ்வாறு நிகழ்கிறது? மலைநாட்டில் மழைநீர் மண்ணில் ஊறி, பாறையின் வெடிப்புகளில் தங்குகிறது. எமது கிணற்றுக்கும் பீலிக்கும் நீர் தருவது இந்தச் சேமிப்பே. அதன் அடியில் சுரங்கம் குடைவது, நீர் நிறைந்த பானையின் அடியில் துளையிடுவது போன்றது. நீர்மட்டம் கீழிறங்கும்; கிணறு வற்றும். நீரை இழந்த மண் சுருங்கி அமிழும்போது, அதன்மேல் நிற்கும் வீட்டின் அத்திவாரம் சமமின்றித் தாழ்ந்து சுவர் வெடிக்கும். பிளவுகளைச் சீமெந்துக் கலவையால் அடைக்கலாம். ஆனால் வடிந்த நீர் மீண்டும் ஊறி நிரம்பக் காலமெடுக்கும். அதுவரை அந்தக் கிராமம் எதைக் குடிக்கும்?

ஆகவே ஆற்றின் நீரை அளந்தால் மட்டும் போதாது. சுரங்கம் செல்லும் வழியெங்கும் பாறையையும் நிலத்தடி நீரையும் முதலில் ஆராய்ந்தறிதல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டுமென 1988ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் விதிக்கிறது. மதிப்பீட்டறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அந்நாட்களில் எழுத்தில் கருத்துத் தெரிவிப்பது எமது உரிமை. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தோட்டக் குழுக்களும் இதனைத் தவறவிடலாகாது.

சான்றும் எம்மிடம் இருக்க வேண்டும். கிணறு முன்னர் நிறைந்திருந்தது என்று வாயால் சொன்னால், பாதிப்பின் பின் அதை நிரூபிப்பது கடினம். எனவே:

- மாதம் ஒருமுறை முடிச்சிட்ட கயிற்றால் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, திகதியுடன் கொப்பியில் எழுதுவோம்.
- பீலியில் ஒரு வாளி நிரம்ப எடுக்கும் நேரத்தைக் குறிப்போம்.
- வேலை தொடங்குமுன் வீட்டுச் சுவர்களைப் படமெடுத்து, திகதியிட்டு வைப்போம்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. பாடசாலைப் பிள்ளைகளும் செய்யலாம்.

கலந்துரையாட

1. எமது ஊரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது? அந்த இடத்தை யார் பாதுகாக்கிறார்கள்?
2. கடந்த பத்து ஆண்டுகளில் எமது கிணறுகளிலும் ஊற்றுகளிலும் என்ன மாற்றங்கள் ஏற்பட்டுள்ளன?
3. கீழ்நிலத்து விவசாயிக்கு நீர் கிடைக்க, மலைநாட்டுக் குடும்பம் தன் கிணற்றை இழக்க நேர்ந்தால், அந்த இழப்பை யார், எவ்வாறு ஈடுசெய்ய வேண்டும்?