'அம்ப்டீன்' என்றால் எத்தனை?

கேள்வி: அலுவலகக் கடிதத்தில் 'அம்ப்டீன் டைம்ஸ்' என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். அது பேச்சுவழக்குச் சொல். மோர்ஸ் தந்தியில் கோட்டுக்குரிய நீண்ட ஒலியை 'அம்ப்டி' என்று வாயால் சொல்லிப் பழகினார்கள். அதுவே 'இத்தனை என்று சொல்ல முடியாத எண்' ஆகி, தர்ட்டீன், ஃபோர்ட்டீனில் வரும் 'டீன்' வாலையும் சேர்த்துக்கொண்டது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் நன்றாகப் புழங்கியது. எனக்கு மிகவும் பிடித்த சொல்தான். ஆனால், நம் வீடுகளில் 'ஆயிரம் தடவை சொல்லிட்டேன்' என்பதில் இருக்கும் அதே சலிப்பு அதிலும் இருக்கிறது. மேலதிகாரிக்குச் சுருக்கென்று தைக்கும். 'மார்ச் முதல் 4 முறை எழுதினேன்' என்று எண்ணிக்கையையே போடுங்கள். அவர் கோப்பைத் திறந்து சரிபார்த்துக்கொள்வார்.