கண்ணுக்குத் தெரியாத கோடுகள்

போர்னியோ தீவின் மேற்குப் பகுதியில், இந்தோனேசியாவைச் சேர்ந்த பொந்தியானாக் என்னும் நகரம் உள்ளது. ஆண்டுதோறும் மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களையொட்டி, அங்கே நண்பகலில் ஒரு காட்சியைக் காண மக்கள் கூடுவர. சூரியன் நேர் உச்சிக்கு வந்ததும், நட்டுவைத்த கம்பத்தின் நிழல் மறைந்துவிடும். நிலநடுக்கோடு அந்நகரின் வழியே செல்வதே இதற்குக் காரணம்.

பூமத்தியரேகை என்றும் அழைக்கப்படும் இக்கோடு, இரு துருவங்களுக்கும் சரிநடுவே பூமியைச் சுற்றிச் செல்லும் கற்பனைக் கோடாகும். இதன் நீளம் ஏறத்தாழ 40,075 கிலோமீட்டர். இதற்கு வடக்கே உள்ள பாதி வட அரைக்கோளம்; தெற்கே உள்ள பாதி தென் அரைக்கோளம். மலேசியாவும் சிங்கப்பூரும் வட அரைக்கோளத்தில் உள்ளன. ஆனால், சிங்கப்பூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் சென்றாலே இக்கோட்டைக் கடந்துவிடலாம்.

கற்பனைக் கோடுதான் என்றாலும், இதன் இடத்தை மனிதர் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சே அதை முடிவு செய்கிறது.

கிழக்கு, மேற்கு என்று பிரிக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. துருவத்திலிருந்து துருவம்வரை செல்லும் தீர்க்கரேகைகள் அனைத்தும் ஒரே தன்மையுடையவை. எதிலிருந்து எண்ணத் தொடங்குவது? பழைய இந்திய வானியல் நூல்கள் உஜ்ஜயினி வழியாகச் செல்லும் கோட்டைத் தொடக்கமாகக் கொண்டன. பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸைக் கொண்டனர். ஆங்கிலேயர் இலண்டனில் உள்ள கிரீன்விச்சைக் கொண்டனர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 2 பாகைக்குச் சற்று அதிகம். நிலநடுக்கோட்டில் அது ஏறத்தாழ 260 கிலோமீட்டர்! நடுக்கடலில் ஆபத்தில் சிக்கிய கப்பல் தன் இருப்பிடத்தை எண்களால் தெரிவிக்கும்போது, கேட்பவர் வேறு வரைபடத்தை வைத்திருந்தால் என்ன ஆகும்?

1884ஆம் ஆண்டு அக்டோபரில், வாஷிங்டன் நகரில் 25 நாடுகளின் பேராளர்கள் இதற்காகக் கூடினர். வாக்கெடுப்பில் 22 நாடுகள் கிரீன்விச்சை ஆதரித்தன. ஒரு நாடு எதிர்த்தது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. அறிவியலைவிட வசதியே அந்த முடிவுக்குக் காரணம் எனலாம். உலகக் கப்பல்களுள் பெரும்பாலானவை ஏற்கெனவே கிரீன்விச்சை அடிப்படையாகக் கொண்ட வரைபடங்களையே பயன்படுத்தி வந்தன. பிரான்சு 1911இல்தான் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. அப்போதும் கிரீன்விச் என்னும் பெயரைச் சட்டத்தில் எழுத அதற்கு மனம் வரவில்லை. "பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைவு" என்றே சுற்றி வளைத்து எழுதியது.

இன்று கிரீன்விச் கோடும், அதற்கு நேர் எதிரேயுள்ள 180 பாகைக் கோடும் சேர்ந்து பூமியைக் கிழக்கு அரைக்கோளம், மேற்கு அரைக்கோளம் எனப் பிரிக்கின்றன. பசிபிக் பெருங்கடலில் உள்ள கிரிபாத்தி நாட்டின் தீவுகளோ நான்கு அரைக்கோளங்களிலும் சிதறிக் கிடக்கின்றன.

கிரீன்விச் வானாய்வுக் கூடத்தின் முற்றத்தில் அக்கோடு தரையில் பதிக்கப்பட்டுள்ளது. சுற்றுலாப் பயணிகள் அதன் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வர். ஆனால், அவர்களின் கைப்பேசி அங்கே பூச்சியம் காட்டுவதில்லை. பழைய கருவி அவ்விடத்தின் ஈர்ப்பு விசையைக் கொண்டு செங்குத்தை அளந்தது. செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்திலிருந்து கணக்கிடுகின்றன. பூச்சியத்தைக் காண, அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே பூங்காவுக்குள் நடந்து செல்ல வேண்டும்.